சிறு மடிக்கணினியும் அதன் நினைவகமும்

பொறியொன்றினை விலைகொடுத்து வாங்கியவன் அதன் உள்ளுறுப்புக்களைக் காணாமலே அதனைப் பயன்படுத்தி முடித்துவிடுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தவரும், துவிச்சக்கரவண்டியின் சங்கிலியைத் தாமே கழற்றி எண்ணெயிட்டு மீளப் பூட்டியவரும் கணினியின் முன்னர்க் கைகட்டி நிற்கின்றனர். அதனுள்ளே இருப்பவை மிக நுண்ணியன என்பது இதற்கு ஒரு காரணம். அதனைத் திறத்தல் ஆகாது எனப் பலகாலும் சொல்லப்பட்டு வந்தமை மற்றொரு காரணம். இவ்விரண்டனுள் எது வலியது என்பதை ஆராய்தற்கு, தைவான் நாட்டு ஏசர் நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆஸ்பயர் வண் என்னும் சிறு மடிக்கணினி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அக்கணினி தோன்றிய சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். 2007 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஏசூஸ் என்னும் பிறிதொரு தைவான் நிறுவனம் ஈ பீசீ 701 என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. 7 அங்குலத் திரையும், 512 மெகாபைற்று நினைவகமும், 4 கிகாபைற்றுச் சேமிப்பகமும் உடைய அப்பொறியின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 400 டொலர். பெரிய மடிக்கணினிகளின் விலையைக் கண்டு ஒதுங்கியிருந்த மாணாக்கர் பலர் இதனை விரும்பி வாங்கினர். அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் வந்த ஆஸ்பயர் வண் இதனினும் சிறிது பெரியது. அதன் திரை 8.9 அங்குலம், நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம், உள்ளே இயங்கியது 1.6 கிகாஹேட்சு வேகமுடைய இன்ரெல் அற்றம் என்னும் செயலி. லினக்ஸ் இயங்குதளத்தோடு வந்த வகையிற் சேமிப்பகம் 8 கிகாபைற்றும் நினைவகம் 512 மெகாபைற்றும் ஆகும். 'நெற்புக்' என வழங்கப்பட்ட இவ்வினம் 2013 ஆம் ஆண்டளவிற் சந்தையினின்றும் பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் வாங்கியோர் பலர் அதன் பின்னரும் அவற்றை எளிதிற் கைவிட்டிலர். பழைய பொறியை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்தற்கு அவர்கள் கைக்கொண்ட முதல் வழி அதன் நினைவகத்தைப் பெருக்குதலேயாம்.

பாடநூல்களில் 'தற்போக்குப் பெறுவழி நினைவகம்' எனவும், கடைத்தெருவில் 'றாம்' எனவும் வழங்கப்படும் இவ்வுறுப்புச் சேமிப்பகத்தின் வேறானது. இவ்வேறுபாட்டை அறியாதார் பலர். பொற்கொல்லன் ஒருவனுடைய தொழிலிடத்தை நோக்கின் இது விளங்கும். அவனுடைய பொன்னும் கருவிகளும் பெட்டகத்துள் இருக்கின்றன. அவ்வேளையில் வேண்டியவற்றை மாத்திரம் எடுத்துத் தன் முன்னே பலகைமீது பரப்பிக்கொண்டு அவன் வேலை செய்கின்றான். பெட்டகம் சேமிப்பகம், பலகை நினைவகம். பலகை சிறிதாயின், ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றைப் பெட்டகத்துள் வைத்தல் வேண்டும். கணினியும் இங்ஙனமே செய்கின்றது. நினைவகம் நிரம்பியவிடத்து, அப்போது வேண்டாத பகுதிகளைச் சேமிப்பகத்துக்கு மாற்றி, வேண்டியபோது மீளக் கொணர்கின்றது. சேமிப்பகமோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு தாமதமாக இயங்குவது. ஆகவே கணினியின் காலமெல்லாம் கொண்டுசெல்வதிலும் கொண்டுவருவதிலும் கழிகின்றது. பயன்படுத்துவோன் பொறி பழையதாயிற்று என்று எண்ணிச் செயலியைக் குறைகூறுகின்றான். குறை பெரும்பாலும் பலகையின் அகலத்திலேயே உள்ளது.

நினைவகத்தின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. முன்னாளிற் கணினிகளின் நினைவகம் காந்த வளையங்களால் ஆக்கப்பட்டிருந்தது. மெல்லிய கம்பிகளிற் கோக்கப்பட்ட அவ்வளையங்கள் மின்னோட்டம் நின்றபின்னும் தாம் ஏற்ற காந்தநிலையை இழப்பதில்லை. ஆயின் அவை அடைத்துக்கொண்ட இடம் பெரிது. அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த இறொபேட் டெனாட் என்பார், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்தாற் போதும், ஓர் இலக்கத்தை வைத்திருக்கலாம் எனக் கண்டு, 1968 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமம் பெற்றார். கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று, இல்லையாயிற் சுழியம். 1970 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 1103 என்னும் சில்லில் இருந்தவை 1,024 இலக்கங்களே. விரலளவு அகலமுள்ள 1 கிகாபைற்று நினைவகப் பலகையில் இன்று 858 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் அடங்குகின்றன.

இத்துணைச் சிறிய கொள்ளளவியில் மின்னேற்றம் நெடுநேரம் தங்குவதில்லை. மெல்லக் கசிந்து ஒழிகின்றது. அதனால், ஒவ்வோர் இலக்கத்தையும் ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை படித்து மீள எழுதுதல் வேண்டும். ஓட்டைக் குடத்தில் இடைவிடாது நீர் வார்ப்பது போன்ற இச்செயல் கணினி விழித்திருக்கும் நேரமெல்லாம் நடைபெறுகின்றது. மின்னை நிறுத்தின் யாவும் மறைந்துபோம். நினைவகத்தைக் கழற்றினால் தாம் எழுதிய கட்டுரைகளும் சேர்த்துவைத்த படங்களும் அழிந்துவிடுமோ என அஞ்சுவார்க்கு இதுவே விடை. அவை சேமிப்பகத்தில் உள்ளன. நினைவகத்தில் எஞ்சியிருப்பது யாதுமில்லை.

இனிப் பொறியைத் திறக்கும் முறையை நோக்குதல் தகும். ஆஸ்பயர் வண் கணினியில் 512 மெகாபைற்று நினைவகம் தாய்ப்பலகையிற் பற்றாசிட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதனைப் பெயர்த்தல் இயலாது. அதனோடு மற்றொரு நினைவகப் பலகையைச் செருகுதற்கு ஒரு பொருத்துவாயும் உண்டு. பெரிய மடிக்கணினிகள் பலவற்றில் அடிப்புறத்தே சிறு மூடியொன்றைக் கழற்றினால் அவ்வாய் கண்முன் தோன்றும். இதிலோ அத்தகைய மூடி இல்லை. பொருத்துவாய் தாய்ப்பலகையின் கீழ்முகத்தில் அமைந்துள்ளது. தாய்ப்பலகையை முற்றாக வெளியே எடுத்துப் புரட்டினாலன்றி அதனை எட்டுதல் அரிது. வீட்டின் கிணற்றை அறைகளுக்கெல்லாம் உள்ளறையிற் கட்டி, நீர் வேண்டுவோர் ஒவ்வொரு சுவராக இடித்துச் செல்க என்றாற்போன்றது இவ்வமைப்பு.

முதலில் மின்வடத்தையும் பின்னர் மின்கலத்தையும் கழற்றல் வேண்டும். இவ்விரண்டும் நீங்காமல் எதனையும் தொடுதல் ஆகாது. அடுத்து அடிப்புறத்துத் திருகாணிகள். மடிக்கணினிகளிற் சில திருகாணிகள் இறப்பர்ப் பாதங்களின் கீழும் ஒட்டுத்தாள்களின் கீழும் மறைந்திருத்தல் உண்டு. யாவும் கழன்றன என்று எண்ணி மூடியை வலிந்து இழுப்பவன், மறைந்திருந்த ஒன்றினாற் பிளாத்திக்கைப் பிளந்துவிடுவான். திருகாணிகள் பார்வைக்கு ஒத்திருப்பினும் நீளத்தில் வேறுபடும். குறுகிய துளையில் நீண்டதை முறுக்கின் அது மறுபுறத்தே ஊடுருவிக் கேடு செய்யும். ஆதலின், தாளொன்றிற் கணினியின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் ஒட்டி வைப்பது அறிவுடையோர் முறை. சிறிய வேலையாகத் தோன்றும் இதனைச் செய்யாது விட்டவர்களே, முடிவில் எஞ்சிய இரு திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்கள்.

விசைப்பலகையை மேற்புற விளிம்பிலுள்ள சிறு நாக்குகள் பற்றியிருக்கும். மெல்லிய பிளாத்திக்குத் தகட்டினால் அவற்றை ஒவ்வொன்றாகப் பின்தள்ளின் பலகை மேலெழும். எழுந்தவுடன் அதனைப் பிடுங்குதல் ஆகாது. அதன் அடியிலிருந்து நாடாப் போன்ற மெல்லிய வடமொன்று தாய்ப்பலகைக்குச் செல்கின்றது. அவ்வடத்தைப் பற்றியிருக்கும் பூட்டு நெல்மணியின் தடிப்புக்கூட இல்லாத பிளாத்திக்குத் துண்டு. நகத்தால் மெல்ல நெம்பினாற் திறக்கும். புதியோர் கையிற் பெரிதும் முறிவது இதுவே. முறிந்தால் அதற்கு மாற்று இலகுவிற் கிடைப்பதில்லை. பூட்டின்றி வடம் நிலையாய் நில்லாது. விசைகள் விட்டுவிட்டு இயங்கும். பொறியின் மற்றெல்லா உறுப்புக்களிலும் இத்துண்டின்மீது கூடிய கவனம் செலுத்துதல் தகும்.

விசைப்பலகை நீங்கியபின் அதன் கீழுள்ள திருகாணிகளைக் கழற்றி, கைகள் படியும் மேன்மூடியை விளிம்பு நெடுகப் பையப் பிரித்தல் வேண்டும். பிரியுங்கால் எழும் 'படக்' என்னும் ஓசை கேட்போரை அச்சுறுத்தும். அது கொளுக்கிகள் விடுபடும் ஓசையேயன்றி முறியும் ஓசை அன்று. தொடுபட்டைக்குச் செல்லும் வடமும் இந்நிலையில் அகற்றப்படும். இப்போது தாய்ப்பலகையின் மேன்முகம் முழுதும் தெரியும். நினைவகமோ இன்னும் தெரியாது. திரைக்குரிய வடம், ஒலிபெருக்கிக்குரிய வடம், கம்பியில்லா இணைப்புக்குரிய இரு மெல்லிய உணர்கொம்புக் கம்பிகள், சேமிப்பகத்தின் இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, அவை இருந்த நிலையை மனத்திலோ படத்திலோ பதித்துக்கொண்டு, தாய்ப்பலகையின் திருகாணிகளை நீக்கிய பின்னரே அதனை உயர்த்திப் புரட்டலாம்.

இத்தருணத்தில் கண்ணுக்குப் புலனாகாத பகையொன்றும் உண்டு. மனிதவுடல் நடத்தலாலும் ஆடை உராய்தலாலும் நிலைமின்னை ஏற்கின்றது. ஏறத்தாழ 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த மின்னிறக்கத்தை விரல் உணர்வதில்லை; சிலிக்கன் சில்லுகளோ அதனினும் மிகக் குறைந்த அளவாற் பழுதுறக் கூடியன. கேடு நிகழ்ந்ததைக் கேடு செய்தவனே அறியான். ஆகவே தொடங்குமுன் நிலத்தோடு தொடுக்கப்பட்ட உலோகப்பொருள் ஒன்றைத் தொடுவதும், நினைவகப் பலகையை விளிம்பிற் பிடித்துப் பொன்முலாம் பூசிய தொடுகைகளைத் தீண்டாதிருப்பதும் விதியாகக் கொள்ளப்பட்டன.

பொருத்தும் செயல் இத்துணைப் பாட்டுக்குப் பின் மிக எளிது. இக்கணினிக்குரியது டீ.டீ.ஆர். 2 என்னும் வகையைச் சேர்ந்த, 200 தொடுகைகள் கொண்ட, 67.6 மில்லிமீற்றர் நீளமுள்ள பலகை. இதற்கு முந்திய வகைக்கும் தொடுகைகள் இருநூறே; ஆயின் அது 2.5 வோல்ற்றில் இயங்குவது, இது 1.8 வோல்ற்றில் இயங்குவது. ஒன்றன் வாயில் மற்றொன்று புகாவண்ணம் பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு இடம்பெயர்த்து அமைக்கப்பட்டுள்ளது. வலிந்து திணிக்க வேண்டியிருப்பின் வாங்கிய பலகை பிழையானது என்றே கொள்ளல் வேண்டும். பலகையைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தின் இருபுறத்துக் கவ்விகளும் அதனைப் பற்றிக்கொள்ளும். பலகையிலுள்ள மிகச் சிறிய சில்லொன்றில் அதன் கொள்ளளவும் வேகமும் எழுதப்பட்டிருக்கின்றன. கணினி விழிக்கும்போது முதலில் அதனைப் படித்து, தன்னிடத்து வந்துள்ள புதிய உறுப்பு யாதென அறிந்துகொள்கின்றது.

பின்னர், பிரித்த ஒழுங்கின் எதிரொழுங்கில் யாவற்றையும் பூட்டுதல் வேண்டும். எல்லாத் திருகாணிகளையும் முறுக்கி முடிக்குமுன் ஒருமுறை மின்னூட்டிப் பார்ப்பது நன்று. திரை இருண்டே இருப்பின் பெரும்பாலும் பலகை சரிவரப் பொருந்தவில்லை என்பதே பொருள். இயங்குமாயின், 1 கிகாபைற்றுப் பலகை சேர்ந்த கணினி 1.5 கிகாபைற்று எனக் காட்டும். இரவு முழுவதும் நினைவகச் சோதனை நிரலொன்றை ஓடவிட்டு, எழுதியது எழுதியவாறே மீளப் படிக்கப்படுகின்றதா என்று அறிந்தபின்னரே அப்பொறியை நம்புதல் தகும். மூடியொன்று இருந்திருப்பின் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் காரியத்திற்கு இங்கே ஒரு மணித்தியாலமும் ஓர் அமைதியான மனமும் வேண்டப்படுகின்றன.

நினைவகம் தொடக்கத்திலேயே ஏன் போதியவளவு வைக்கப்படவில்லை என்ற வினா எழுதல் இயல்பு. விலை ஒரு காரணம் என்பது உண்மையே. மற்றொரு காரணம் பொறியியலுக்குப் புறம்பானது. மைக்குறோசொப்ற் நிறுவனம் தன் விண்டோஸ் எக்ஸ்பீ இயங்குதளத்தின் பொது விற்பனையை 2008 ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு நிறுத்தியது. சிறு கணினிகளுக்கு மாத்திரம் அதனைக் குறைந்த கட்டணத்திற்கு வழங்கியது. அச்சலுகைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் நினைவகம் 1 கிகாபைற்றுக்கு மேற்படலாகாது என்பதும் ஒன்று. அவ்வியங்குதளம் அதனினும் மும்மடங்கு நினைவகத்தை ஆளவல்லது. மலிந்த கணினி, விலையுயர்ந்த கணினியின் விற்பனையைக் கெடுத்துவிடலாகாது என்பதன்றி இவ்வெல்லைக்கு வேறு நியாயம் கூறுதல் அரிது. வாங்கியவன் தன் மேசைமீது பொறியைப் பிரித்து வைத்து 1.5 கிகாபைற்று ஆக்கியபோது, அவன் கடந்தது திருகாணிகளையும் கொளுக்கிகளையும் மட்டுமன்று. விற்றவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லையையும் ஆகும்.

ஏசூஸின் ஈ பீசீ 701 கணினியிற் பொருத்துவாய்க்குத் தனி மூடி உண்டு; ஆயின் அதன்மேல், இதனை அகற்றின் உத்தரவாதம் ஒழியும் என்னும் பொருள்பட ஓர் ஒட்டுத்தாள் இருந்தது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள உத்தரவாதச் சட்டமோ, உரியவன் வேறிடத்து உறுப்பைப் பொருத்தினான் என்பதொன்றையே காட்டி உத்தரவாதத்தை மறுத்தலைத் தடுக்கின்றது. குறைகூறல்கள் எழவே, நினைவகம் மாற்றுவதால் உத்தரவாதம் கெடாது என ஏசூஸ் அவ்வாண்டிலேயே தெளிவுபடுத்தியது. இவ்வகை ஒட்டுத்தாள்கள் அதனோடு ஒழிந்தில. 2018 ஆம் ஆண்டில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு இதன்பொருட்டு ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூடியைத் திறந்து 2 கிகாபைற்றுப் பலகையைச் செருகியோர், அக்கணினியோடு வந்த லினக்ஸ் இயங்குதளம் 1 கிகாபைற்றுக்கு மேல் எண்ணமாட்டாமையைக் கண்டனர். இயங்குதளத்தின் கருவை மாற்றியமைத்த பின்னரே மற்றைப் பாதி பயன்பட்டது. கதவைத் திறந்தும் காவலாளி ஒருவன் எஞ்சியிருந்தான் போலும்.

மறைந்த பொருத்துவாயாயினும், இருக்கின்ற பொருத்துவாய் இல்லாததினும் நன்று. 2008 ஆம் ஆண்டிலேயே வெளிவந்த அப்பிள் நிறுவனத்து மக்புக் எயர் கணினியில் 2 கிகாபைற்று நினைவகமும் தாய்ப்பலகையிற் பற்றாசிடப்பட்டிருந்தது. பொருத்துவாய் ஒன்றேனும் இல்லை. பின்வந்த மெல்லிய கணினிகள் பல அவ்வழியைப் பின்பற்றின. இதனை முற்றும் வணிகச் சூழ்ச்சி எனல் நேர்மையாகாது. பொருத்துவாய் சில மில்லிமீற்றர் உயரத்தைக் கொள்கின்றது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடைப்பட்ட கம்பித்தடம் நீளுந்தோறும் வேகமான குறிகைகள் சிதைகின்றன. குறைந்த மின்னில் இயங்கும் நினைவக வகையோ குறுகிய தடத்தை வேண்டுவது. ஆயின் இதன் விளைவாக, கணினியின் ஆயுளை அதனை வாங்கும் நாளிலேயே கணித்துக்கொள்ளும் கட்டாயம் வாங்குவோனுக்கு உண்டாயிற்று. நான்கு ஆண்டின் பின் எத்துணை நினைவகம் வேண்டும் என்பதைக் கைப்பணம் குறைந்த மாணாக்கன் அன்றே அறிந்து, அன்றே அதற்குரிய விலையைக் கொடுத்தல் வேண்டும். முதலிற் சிறிதாக வாங்கிப் பின்னர்ப் பெருக்கிக்கொள்ளும் வழி அவனுக்கு அடைபட்டது. சில்லொன்று பழுதுற்றாலோ தாய்ப்பலகை முழுவதையும் மாற்றும்படி நேர்கின்றது.

இதனை மறுத்து எழுந்த முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. பிரான்சு நாடு 2021 ஆம் ஆண்டு தொடக்கம் மடிக்கணினி முதலிய சில பொருள்களுக்குத் திருத்தத்தகு சுட்டெண் ஒன்றினை விற்பனையிடத்தில் அறிவித்தல் வேண்டும் எனச் சட்டஞ் செய்தது. பத்துக்கு இத்தனை என இடப்படும் அப்புள்ளியைக் கணிக்கும் அளவைகளுள், பொறியைப் பிரித்தல் எத்துணை எளிது என்பதும் ஒன்று. திருப்புளி பிடித்தவன் மாத்திரம் அறிந்திருந்த தொல்லை, வாங்குவோன் கண்முன் இலக்கமாகத் தோன்றலாயிற்று.

மற்றையது பொறியியலின் வழியே வந்தது. நினைவகங்களுக்கு அளவும் அமைப்பும் வகுக்கும் ஜெடெக் என்னும் நியமக் கழகம், 2023 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 'கம் 2' என்ற புதிய பலகை வகையை வெளியிட்டது. இது சாய்த்துச் செருகப்படுவது அன்று. தட்டையாகத் தாய்ப்பலகைமீது படிந்து, அடிப்புறத்துத் தொடுகைகளால் இணைவது. அதனாற் கம்பித்தடம் குறுகுகின்றது, உயரமும் குறைகின்றது, முன்னர்ப் பற்றாசிட்டே வைக்கவேண்டியிருந்த குறைமின் நினைவகத்தையும் கழற்றி மாற்றத்தக்கதாய் ஆக்குகின்றது. 2024 ஆம் ஆண்டில் லெனோவா நிறுவனம் வெளியிட்ட திங்பாட் பீ1 வகைக் கணினியொன்றில் இது இடம்பெற்றது. விலையுயர்ந்த அக்கணினியின் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு இறுக்கிப் பிடித்திருப்பவை சில திருகாணிகள். அவற்றை எட்டுதற்குத் தாய்ப்பலகையை வெளியே எடுக்க வேண்டுவதில்லை.